கல்கத்தா நேரம்

கீபோர்டு செத்துவிட்டது என்றுதான் அர்த்தநாரி முதலில் நினைத்தான்.

பாஸ்வேர்டு கேட்கிறது. அடிக்கிறான். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கர்சர் மட்டும் கறுப்புத் திரையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. வேறு கீபோர்டை மாட்டினான். அதிலும் விழவில்லை. பக்கத்து மொபைல் கடையில் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினான். ஒரே காலையில் எல்லாக் கீபோர்டும் சாகாது என்று உறைத்த பிறகுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் சரவணக்குமாருக்குப் போன் போட்டான்.

"லினக்ஸ்ல பாஸ்வேர்டு அடிச்சா கண்ணுக்குத் தெரியாதுங்க மாமா. நீங்க பாட்டுக்கு அடிச்சுட்டு எண்டரத் தட்டுங்க."

"விழுகறதே தெரியாம எப்பிடிடா அடிக்கறது?"

"ஒரு நம்பிக்கையில அடிக்கறதுதானுங்க மாமா."

நம்பிக்கை அர்த்தநாரியிடம் அதிகம் மிச்சமில்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். ஆட்டையாம்பட்டியில் அவனுக்கு ஒரு கடை உண்டு. 'கம்ப்யூட்டர் ஜாதகம், ஜெராக்ஸ். துல்லியமாகக் கணித்துத் தரப்படும்' என்று போர்டு. அவன் ஜோசியன் இல்லை. தேதி, நேரம், ஊர் மூன்றையும் அடித்துப் பட்டனைத் தட்டுவான், பிரிண்டு வரும். அந்தப் பிரிண்டை வாங்கிப் போனவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு திரும்பி வருவார்கள். பிறகு கைக்குழந்தையோடு வந்து அதற்கும் ஒரு ஜாதகம் போடச் சொல்வார்கள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

காரணம், அவன் ஜாதகத்தில் எட்டாம் இடத்தில் இருந்த செவ்வாய். எட்டில் செவ்வாய் இருந்தால் கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு ஆயுசு இருக்காது என்பது ஊர்ப் பேச்சு. எத்தனையோ வீட்டில் காபி கொடுத்தார்கள், பையன் தங்கம் என்றார்கள், ஜாதகத்தைப் பார்த்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஜாதகப் பேச்சு எடுத்தாலே அவன் அம்மா முத்தாயம்மாள் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாள். பெற்ற மனம் தாங்கவில்லை என்று அவன் நினைத்துக்கொள்வான்.

இப்போது புரோக்கர் சென்னம்மாள் கொண்டு வந்திருந்தது குமாரபாளையம் இடம். தறி போட்டிருக்கும் மாரியப்பனின் மகள் தேவிப்ரியா, பள்ளிக்கூட டீச்சர். ஒருநாள் சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்க அவன் கடைக்கு வந்திருக்கிறாள். நகல் கோணலாக விழ, அவன் கேட்காமலேயே வேறொன்று எடுத்துக் கொடுத்தான். அவள் கோணலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, பாவம், இதுவும் இருக்கட்டும் என்று சிரித்துவிட்டுப் போனாள். போட்டோவைக் காட்டியதும், "அந்த ஜெராக்ஸ் கடைக்காரருங்களா? பரவால்லீங்க" என்றாளாம். அவனைப் பற்றி ஒரு பெண் சொன்னதில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. படுக்கும்போதெல்லாம் அந்தப் பரவால்லீங்கவைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மாரியப்பன் வீட்டு ஜோசியர் வெள்ளிக்கிழமை மாலை வெளியூர் கிளம்புகிறார், அதற்குள் ஜாதகம் வேண்டும் என்றாள் சென்னம்மாள். அவன் கையில் இருந்த பழைய பிரிண்டு பல ஊர் சுற்றி, மடிப்பில் கிழிந்து, செவ்வாயும் சனியும் ஆளுக்கொரு துண்டில் இருந்தார்கள். புதிதாக ஒன்று எடுக்கலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டால் அது நீலத்திரையைக் காட்டிப் படுத்துவிட்டது. இன்னொரு கடையில் போய் எடுத்தால் ஆட்டையாம்பட்டியே சிரிக்கும்.

பொங்கலுக்கு வந்த சரவணக்குமார், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். விண்டோஸ் படுத்தால் அதற்குப் பதில் போடுகிற லினக்ஸ் அதில்தான் இருந்தது.

ஏற்றும்போதே தகராறு ஆரம்பித்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டது. ஆட்டையாம்பட்டி என்று அடித்தான். அப்படி ஓர் ஊரே இல்லை என்றது. சேலம் என்று அடித்தான். அமெரிக்காவில் இருக்கும் ஒரு சேலத்தைக் காட்டியது. இந்தியாவைத் தேடிப் போனால் மொத்த நாட்டுக்கும் ஒரே ஓர் ஊர்தான் இருந்தது, கல்கத்தா.

அர்த்தநாரி அந்த இடத்தில் யோசித்தான். சாதாரண ஆளாக இருந்திருந்தால் கல்கத்தாவைத் தட்டிவிட்டுப் போயிருப்பான். இவன் ஜாதகக்காரன். ஊர் மாறினால் லக்னம் மாறும் என்பது இவனுக்குத் தெரியும். கல்கத்தாவில் சூரியன் நமக்கு முன்னாலேயே உதித்துவிடும். ஆட்டையாம்பட்டியில் பிறந்தவனுக்குக் கல்கத்தா கணக்கைப் போட்டால் கடை போர்டில் உள்ள துல்லியம் என்னாவது? எந்த ஊரையும் தொடாமல் தாண்டிப் போனான். கம்ப்யூட்டர் தானாகவே எதையோ பொதுவாக வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு, வெளியே வெயில் ஏறியிருந்தும், திரை மூலையில் இருந்த கடிகாரம் விடியற்கால நேரத்தைக் காட்டியது. உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

சாப்பாட்டுத் தூக்கோடு முத்தாயம்மாள் வந்தபோது அவன் ஜாதகம் கணிக்கிற சாப்ட்வேர் பேக்கேஜைத் தேட உட்கார்ந்திருந்தான். அம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம பொறந்தவன் வெள்ளிக்கெழம ஒண்ண ஆரம்பிக்கறது நல்லதுதாஞ்சாமி. ஆனா ராகு காலம் போவட்டும். பத்தரைக்கு மேல பன்னண்டு வரைக்கும் அதுமேல கைய வெக்காத."

ராகு காலம் என்றால் முத்தாயம்மாளுக்கு அப்படியொரு பயம். அந்த நேரத்தில் உப்பு வாங்க மாட்டாள், தலை சீவ மாட்டாள். அம்மா சொல்லைத் தட்டாமல் அவன் கையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வரை திரையைப் பார்த்தபடி இருந்தான்.

பன்னிரண்டு அடித்ததும் உள்ளே இருக்கிற பேக்கேஜ் கடையைத் திறந்து ஜாதகம் என்று தேடினான். ஒன்றுமில்லை. நட்சத்திரம் என்று தேடினான். நட்சத்திரத்தைச் சுட்டு விளையாடுகிற விளையாட்டுகள் வரிசையாக வந்தன. கடைசியில் வானத்தை அப்படியே காட்டும் பேக்கேஜ் ஒன்று கிடைத்தது. ஏற்றிப் பார்த்தான். நிலா அழகாகத்தான் இருந்தது. கிரகங்களை எண்ணினால் ராகுவையும் கேதுவையும் காணோம். அதற்குப் பதில் ஜாதகத்தில் இல்லாத யாரோ இருவர் கடைசியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சரவணக்குமாரைக் கூப்பிட்டான். ராகுவும் கேதுவும் வெறும் நிழல், கண்ணுக்குத் தெரிகிற கிரகத்தை மட்டும்தான் இது காட்டும் என்றான் அவன்.

"பாஸ்வேர்டு அடிச்சாலும் தெரியாது, ராகுவும் தெரியாது. பின்ன எதுதாண்டா தெரியும் இதுல?"

வேறொரு ஜாதக பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் அதைக் கறுப்புத் திரையில் எழுத்தடித்துத்தான் கொண்டுவர வேண்டும் என்றான் சரவணக்குமார். போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, இவன் ஒற்றை விரலால் அடித்தான். எண்டர் தட்டியதும் கம்ப்யூட்டர் பதில் சொன்னது. இது வேண்டுமானால் இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றைக் கூப்பிட்டால், தான் வர வேண்டுமானால் வேறொன்று முதலில் வந்தாக வேண்டும் என்றது. அர்த்தநாரிக்கு அது புரியாமல் இல்லை. அக்கா கல்யாணத்தில் பார்த்ததுதான். தாய்மாமன் இல்லாமல் முகூர்த்தம் இல்லை. தாய்மாமன் வர வேண்டுமானால் அவர் மச்சானை நேரில் போய் அழைக்க வேண்டும். மச்சானை அழைத்தால் பங்காளி பந்தலுக்குள் காலை வைக்க மாட்டான்.

இங்கேயும் ஒரு பங்காளி இருந்தான். எல்லாம் கூடி வந்து ஜாதக பேக்கேஜ் ஏறிய நேரத்தில் பிரிண்டர் எழுந்து போய்விட்டது. பிரிண்டரைக் கூப்பிட்டால் ஜாதகம் கிளம்பியது. இரண்டும் ஒரே பந்தலில் உட்கார மாட்டேன் என்றன.

அதற்குள் சென்னம்மாள் விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஜோசியர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டாராம்.

பிரிண்டர் போனால் போகட்டும் என்று ஜாதகத்தையே திரையில் போட்டான். தன் பிறந்த தேதியை அடித்தான். காலை மணி ஆறு என்று அடித்தான். ஊர் கேட்ட இடத்தில் ஆட்டையாம்பட்டியின் தீர்க்கரேகையையும் அட்சரேகையையும் மனப்பாடமாகவே அடித்தான். கட்டம் வந்தது. வடநாட்டுப் பாணியில், சிக்குக் கோலம் மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடு. எது எத்தனையாம் இடம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஜோசியருக்குத் தெரியாமலா போகும் என்று போனில் படம் பிடித்தான். மேலே நேரம் எழுதியிருந்த இடத்தில் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்திருந்தது. பரவாயில்லை என்று அனுப்பிவிட்டான்.

அனுப்பிவிட்டு வழக்கம்போல டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

போன் வந்தது. சென்னம்மாள் இல்லை, மாரியப்பனே பேசினார். பின்னால் தறிச் சத்தம்.

"மாப்ளைங்களா? பொருத்தம் பாத்தாச்சுங்க. சுத்த ஜாதகம்னு சொல்லிப்போட்டாருங்க. ஒரு தோஷமில்லைங்க. ஞாயித்துக்கெழம பூ வெச்சர்லாமுங்களா?"

அர்த்தநாரி என்ன பதில் சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. ஜோசியருக்கு ஜோசியர் கணக்கு மாறும், தன் செவ்வாய்க்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு நல்ல ஆள் விதிவிலக்கு கண்டுபிடித்துவிட்டார் என்று நம்பினான். விதிவிலக்கு இல்லாத தோஷம் இல்லை என்று அவனே எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் சொன்னபோது முத்தாயம்மாள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றவள் ரொம்ப நேரம் திரும்பவேயில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பூ வைக்கிற அன்று தட்டில் வைக்க நல்ல பிரிண்டு ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்து பிரிண்டரைத் திரும்ப ஏற்றினான். இதைச் செய்தால் விபரீதமாகும் என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. நிஜமாகவே வேண்டுமென்றால், ஆமாம், நான் சொல்கிறபடி செய் என்ற வாக்கியத்தை முழுசாக அடிக்கச் சொன்னது. அர்த்தநாரி யாரையும் அப்படி அதட்டிப் பேசியதில்லை. தயங்கித் தயங்கி எழுத்துக் கூட்டி அடித்தான். கம்ப்யூட்டர் சொன்னபடி செய்தது. ஜாதக பேக்கேஜ் போயிற்று. வானம் காட்டுகிற பேக்கேஜ் போயிற்று. ஜன்னல், படம், மவுசு அம்பு எல்லாம் போய், கறுப்புத் திரையும் கண் சிமிட்டும் கர்சரும் மட்டும் மிஞ்சின. பிரிண்டருக்கு மட்டும் பச்சை விளக்கு எரிந்தது. அடிப்பதற்குத்தான் ஒன்றுமில்லை.

சரி, கையாலேயே எழுதிவிடலாம் என்று மஞ்சள் தடவிய தாளை எடுத்தான். போனில் இருந்த படத்தை வைத்துக்கொண்டு, சாய்ந்த கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி நம் ஊர்ச் சதுரக் கட்டத்துக்கு மாற்றினான். லக்னம் போட்டான். சூரியனைப் போட்டான்.

போட்ட கை அப்படியே நின்றது.

காலை ஆறு மணிக்குப் பிறந்தவனுக்குச் சூரியன் அடிவானத்தில் இருக்க வேண்டும். இதில் சூரியன் பத்தாம் இடத்தில், உச்சந்தலைக்கு மேலே நின்றது. எட்டாம் இடத்தைப் பார்த்தான். காலியாக இருந்தது. இத்தனை வருஷம் அங்கேயே குடியிருந்த செவ்வாய் யாருக்கும் தொந்தரவு இல்லாத வேறொரு இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

போனில் விஷயத்தைச் சொன்னதும் சரவணக்குமார் முதலில் கேட்டது, டைம்ஜோன் கல்கத்தா வைத்தீர்களா என்று.

"நமக்கும் கல்கத்தாவுக்கும் என்னடா சம்பந்தம்?"

அந்தப் பக்கம் சரவணக்குமார் நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் பொறுமையாக விளக்கினான். கல்கத்தா என்றால் ஊர் இல்லை, இந்தியா முழுக்க ஓடுகிற நேரத்துக்கு அது பெயர். அதைத் தொடாமல் விட்டதால் கம்ப்யூட்டர் லண்டன் பக்கத்து நேரத்தை எடுத்துக்கொண்டது. மாமா அடித்த காலை ஆறு மணி அதன் கணக்கில் நம் ஊரின் பகல் பதினொன்றரை. அவ்வளவுதான்.

அவ்வளவுதான். துல்லியமாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஒரே காரணத்தால் ஒரு பொய் ஜாதகத்தை அனுப்பியிருந்தான்.

"கம்முனு இருங்க மாமா" என்றான் சரவணக்குமார். "அதான் ஒத்துக்கிட்டாங்கல்ல."

கம்மென்று இருக்கத்தான் பார்த்தான். பரவால்லீங்க என்று சொல்லிப் பார்த்தான். அதைச் சொன்ன முகம் கண் முன்னால் வந்தது. நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் அது எட்டில் இருக்கும் செவ்வாய்தான் என்று இவன் வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டிருக்க வேண்டும். அரை மணிக்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று முறுக்குப் பொட்டலம் ஒன்றை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு குமாரபாளையம் கிளம்பினான்.

மாரியப்பன் வீட்டோடு சேர்ந்தே தறிப்பட்டறை. எல்லாத் தறியும் ஒன்றாக ஓடின. வாசலில் வரவேற்ற மாரியப்பன் பொட்டலத்தை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை தறியைப் பார்க்க வேண்டும் என்று பட்டறைக்குள்ளேயே அழைத்துப் போய்விட்டார். அர்த்தநாரி சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தார். இன்னும் சத்தமாகச் சொன்னான். ஆமாமாம், நல்லா ஓடுதுங்க என்றார். அவர் காதுக்குப் பக்கத்தில் போய், இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிக் கத்த வாயைத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

"எனக்கு எட்டுல செவ்வாய்ங்க!"

எல்லாத் தறியும் நின்ற அமைதியில் அது பட்டறை முழுக்கக் கேட்டது. நூல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு மெதுவாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பேக்கேஜ், பிரிண்டர், கல்கத்தா எல்லாவற்றையும் சொன்னான். மாரியப்பன் கடைசி வரை கேட்டார். பாதிக்கு மேல் அவருக்குப் புரிந்திருக்காது. எட்டும் செவ்வாயும் புரிந்திருந்தது.

"தம்பி" என்றார்.

அந்த ஒரு சொல்லிலேயே அர்த்தநாரிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வரும்போது அவன் மாப்பிள்ளையாக வந்திருந்தான்.

"உங்களயாட்டம் நேர்மையான ஆள நாம் பாத்ததேயில்லைங்க தம்பி. ஆனா எம் பொண்ணு உசுரோட இருக்கோணுமல்லங்க."

வண்டியைத் திருப்பும்போது தேவிப்ரியா வாசலுக்கு வந்தாள். கையில் அந்த முறுக்குப் பொட்டலம், பிரிக்காமல்.

"அப்பா திருப்பிக் குடுத்தரச் சொன்னாருங்க."

வாங்கிக்கொண்டான். அவள் உடனே போகவில்லை.

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க."

"பொய் சொல்லிப் பண்ணிக்கறது நல்லாருக்காதுங்க."

"பொய் கம்ப்யூட்டர்தானுங்களே சொல்லுச்சு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அவன் வீடு வந்தபோது முத்தாயம்மாள் முறத்தில் துவரையைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாளைக்குக் கட்ட வேண்டிய புதுச்சேலை, பிரிக்காத மடிப்போடு. பொட்டலம் போனபடியே திரும்பி வந்ததைப் பார்த்தாள். வழக்கம்போல எழுந்து மாட்டுப் பக்கம் போகப் பார்த்தாள்.

இந்த முறை அவன் விடவில்லை. உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னான். சொல்ல வேறு ஆளும் இல்லை. தன் வாழ்க்கையில் அந்த ஒரு ஜாதகம்தான் சுத்தமாக இருந்தது, அதுவும் பொய்யாகப் போய்விட்டது என்றான். எந்தக் கிரகத்தின் மேலும் தப்பில்லை, எல்லாம் அந்தக் கடிகாரத்தால் வந்தது என்றான்.

"நான் காலைல ஆறு மணிக்குப் பொறந்தேன்னு அடிச்சா, அது பகல் பதனொண்ணரைக்குப் பொறந்தேன்னு எடுத்துக்கிச்சும்மா. அந்த நேரத்துக்குத்தான் அப்பிடியொரு ஜாதகம்."

முத்தாயம்மாள் கை முறத்திலேயே நின்றது. மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாலை போட்டுத் தொங்கிய புருஷன் படத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டிக்கு எப்பிடிஞ்சாமி தெரிஞ்சுது?" என்றாள். "நீ பொறந்தது பதனொண்ணரைக்குத்தான். ராகு காலத்துல பொறந்தவனுக்கு நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு உங்கப்பாதான் காலைல ஆறு மணின்னு எழுதச் சொல்லிப்போட்டாரு."